கொழுகொழு தம்பியும் கொட்டாய் அக்காவும்

நம் வயதுக்காரர்களே, பள்ளித் தோழர் குழுவில் ஒரு மாதமாக நடக்கிற சாப்பாட்டுச் சண்டையை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவர் சோற்றைத் தொடாதே என்கிறார். இன்னொருவர் பழைய சோறுதான் அமிர்தம் என்று குரல் பதிவு அனுப்புகிறார். முட்டையின் மஞ்சள் கருவைத் தூக்கிப் போடச் சொல்லி ஒரு காணொளி வருகிறது. அது ஓடி முடிவதற்குள் மஞ்சள் கருவை மட்டும் தின்னச் சொல்லி அடுத்தது வருகிறது. தேங்காய் எண்ணெய் விஷயத்தில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையே நிறுத்திக்கொண்டீர்கள். கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: நம் முன்னோர் மாதிரி சாப்பிட்டால் நோய் வராது.

நானும் இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, மாத்திரை போடுகிறவள். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் முன்னோர் என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்? பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாம். நம்மைப் பெற்றவர்கள் கடையில் கிடைத்த அரிசியையும் கருவாட்டையும் மரவள்ளிக்கிழங்கையும் தின்று வாழ்ந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கிழங்கை மட்டுமே தின்று செத்தவர்களும் நம் முன்னோர்தானே?

முன்னோர் சாப்பாடு என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு ஓர் ஆள்தான் நினைவுக்கு வருகிறார். நம் தோட்டத்து ஆயாக்கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. 'ஆயா' என்று கூப்பிட்டால், "நான் என்ன கெழவியா?" என்று சண்டைக்கு வருவார். அதனால் நாம் எல்லாரும் கொட்டாய் அக்கா என்போம். உங்களில் பாதிப் பேரின் தம்பி தங்கைகள் அவர் மடியில் ஒன்றுக்குப் போனவர்கள். மறந்திருப்பீர்கள்.

எனக்கு ஒன்பது வயது. மாசி மாதம். ரப்பர் மரங்கள் இலை கொட்டும் காலம். செம்பு நிறத்தில் இலைகள் காய்ந்து விழுந்து, மர நிரை முழுவதும் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்கும். மொட்டை மரங்களுக்கிடையே வெயில் நேராக லயத்து வரிசை வீடுகள்மேல் இறங்கும். மரத்தில் பால் குறைந்துவிடும், அம்மாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வேலை. வேலை நாட்களில் விடியுமுன் அம்மா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். எட்டு மாதத் தம்பியைச் சாரோங் துணியில் முடிந்து இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஆயாக்கொட்டாய்க்கு நடப்பேன்.

அந்தக் கொட்டாயின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. புளித்த பால், மூத்திரத் துணி, தேங்காய் எண்ணெய், பலகைத் தரையைக் கழுவிய மருந்து நீர். உத்திரத்திலிருந்து பன்னிரண்டு தொட்டில்கள் தொங்கும். ஒன்றைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவார் அக்கா. கடைசித் தொட்டிலுக்கு வருவதற்குள் முதல் பிள்ளை அழத் தொடங்கும். சுவரோரமாகப் பால் புட்டிகள் வரிசையாக நிற்கும். படகு வடிவத்தில் இரண்டு முனையும் திறந்த கண்ணாடிப் புட்டி, நினைவிருக்கிறதா? அது எங்கே ஒழிந்ததோ தெரியவில்லை. எங்கள் வீட்டுப் புட்டியில் இருந்தது டின் பால். சீனி போட்ட கெட்டிப் பாலை மூன்று கரண்டி எடுத்து, வெந்நீரை ஊற்றிக் கலக்கினால் புட்டி நிறைந்துவிடும். இலை கொட்டும் காலத்தில் மூன்று கரண்டி இரண்டாகும்.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. பிரசவமாகி நாற்பதாம் நாள் பால் மரம் வெட்டப் போனவர். தாய்ப்பாலும் வற்றிப்போனது. டின்மேல் ஒட்டியிருந்த தாளில் கன்னம் தொங்கும் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரிக்கும். தம்பியும் அதே மாதிரி ஆகிவிட்டான். கைகால் உருண்டு, கன்னம் உப்பி, தோல் மினுமினுத்தது. பெரட்டுக் களத்தில் பெண்கள் அவனைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சுவார்கள். "தொர வூட்டுப் புள்ள மாதிரி கொழுகொழுன்னு இருக்கான்லா!" என்று வேலையை மேற்பார்க்கும் தண்டலே சொன்னார். அன்று முழுவதும் அம்மாவின் நடையே மாறிவிட்டது.

அக்கா மட்டும் கொஞ்சவில்லை.

ஒரு நாள் அம்மா வேலை முடிந்து தம்பியை எடுக்க வந்தபோது, அக்கா அவனை மடியில் கிடத்திப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் நின்றிருந்தேன். அம்மாவை அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இது சதையில்ல. வீக்கம். அமுக்குனா குழி விழுது பாருங்க."

அம்மா பார்க்கவில்லை. பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "எம் புள்ள மேல கண்ணு வைக்காத. ஒனக்குன்னு ஒன்னு இல்லாட்டி இப்படித்தான் தோணும்."

அக்கா அடுத்த பிள்ளையின் துணியை மாற்றப் போனார்.

அவர் சும்மா இருக்கவில்லை என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. பள்ளி இடைவேளையில் தம்பியைப் பார்க்க ஓடினேன். கொட்டாயின் பின்பக்கம், அடுப்பருகே, மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து வந்த ஒரு மக்சிக், மலாய்க்கார அம்மா, குந்தியிருந்தார். தோட்டத்து எல்லை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. நெல்லும் கோழியும் வைத்திருந்தார். அவர் கொண்டுவந்த மண்சட்டியில் ஹாருவான், அதாவது நம் விரால் மீன், இஞ்சி போட்டு வெந்துகொண்டிருந்தது. அக்கா முள்ளில்லாமல் சதையை எடுத்து, குழைய வெந்த பச்சைப்பயற்றுக் கஞ்சியில் பிசைந்து, விரல் நுனியால் தம்பி வாயில் வைத்தார். தம்பி முகத்தைச் சுளித்தான். துப்பினான். பிறகு விரலைக் கவ்விக்கொண்டான்.

மக்சிக் அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "இனி சாகிட், புக்கான் கெமுக்," என்றார். இது நோய், கொழுப்பில்லை என்று.

வீட்டில் சட்டம் வேறு. அப்பாவின் மூத்த சகோதரி, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். பல் முளைத்து முடியும்வரை பிள்ளைக்கு மீன் கூடாது, முட்டை கூடாது, கீரை கூடாது, மாந்தம் வரும் என்பது அவர் வாக்கு. அவருடைய அம்மா சொன்னது, அவருக்கு அவருடைய அம்மா சொன்னது. கல்லில் உரைத்த மருந்து மட்டும் நாக்கில் தடவலாம். அம்மா இரண்டையும் தட்டாமல் கேட்டார்: டின்காரன் சொன்ன பாலைக் கொடுத்தார், முன்னோர் சொன்ன பத்தியத்தையும் காத்தார். இரண்டுக்கும் நடுவில் தம்பி மாட்டிக்கொண்டான்.

"அம்மாகிட்ட சொல்லிருவேன்," என்றேன் அக்காவிடம்.

"சொல்லு. நான் வேணாம்னு சொல்லல." அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மொதல்ல அவன் பாதத்த அமுக்கிப் பாரு. அதையும் சேத்துச் சொல்லு."

அமுக்கினேன். என் கட்டைவிரல் பதிந்த இடத்தில் களிமண்ணில் பதிந்த மாதிரி குழி நின்றது. பத்து எண்ணினேன். குழி அப்படியே இருந்தது. என் காலை அமுக்கிப் பார்த்தேன், உடனே எழும்பிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் வேலை நாட்களில் இடைவேளை தோறும் ஓடினேன். அந்தக் கொட்டாய் அடுப்பில் எத்தனை வாசனைகள்! தலை கிள்ளி வறுத்த நெத்திலியை அக்கா அம்மியில் பொடியாக்குவார். கைக்குத்தல் அரிசியை மக்சிக் மூங்கில் படியில் கொண்டுவருவார். சைக்கிளில் வரும் சீனக் கிழவரிடம் தாவு என்ற சோயாக் கட்டியில் ஒரு துண்டு வாங்கி அக்கா கஞ்சியில் மசிப்பார். வாய்க்கால் ஓரத்து முருங்கையைக் கொழுந்தாக உருவிக்கொண்டு வரச்சொல்வார். ஒரு நாள் முட்டையின் மஞ்சள் கருவைக் கொஞ்சம் வைத்துவிட்டு, இரண்டு நாள் வேறெதுவும் புதிதாகக் கொடுக்கவில்லை. அவன் கழிந்த துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒத்துக்கொண்டது தெரிந்ததும்தான் இன்னும் கொஞ்சம். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் இவ்வளவு கவனமாகப் பார்க்கிற ஆளை நான் அப்புறம் படித்தவர்களிடையேயும் அதிகம் கண்டதில்லை.

மூன்றாவது வாரம் தம்பி சிரித்தான். தொட்டில் கயிற்றைப் பிடித்து இழுத்தான். என் தலைமுடியைப் பிடித்துவிட்டு விடவே மாட்டேன் என்றான். அதோடு இன்னொன்றும் நடந்தது: அவன் இளைத்தான். உப்பிய கன்னம் வடிந்து தாடையெலும்பு தெரிந்தது. கைகால்கள் குச்சியாகின. இத்தனை நாளும் வீக்கத்துக்குள்ளே இருந்த பிள்ளை அவ்வளவுதான் போலிருக்கிறது.

அம்மா அலறிவிட்டார். அத்தை சுற்றிப்போட்டு, மிளகாயை அடுப்பில் போட்டார். மறுநாள் மதியம் தம்பியைத் தூக்கி முத்தமிட்ட அம்மா அப்படியே நின்றார். அவன் வாயை முகர்ந்தார்.

"மீனா? எட்டு மாசப் புள்ளைக்கு மீனாடி குடுத்த?"

பிள்ளையை எடுக்க வந்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"குடுத்தேன், அக்கா," என்றார் கொட்டாய் அக்கா. "மூனு வாரமா."

"அதான் எம் புள்ள எலும்பாப் போயிட்டான்! பாருங்க எல்லாரும்! எப்படி இருந்த புள்ள!"

எல்லாரும் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தது இளைத்த பிள்ளைதான். யாரும் அக்கா பக்கம் பேசவில்லை. நானும் பேசவில்லை. இதை எழுதும்போதுகூட அந்த இடம் எனக்கு உறுத்துகிறது. அம்மா நேராக ஆபீஸுக்குப் போய்த் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் புகார் செய்தார். இன்னொரு தாய் வந்து குறை சொன்னால் வேலை போய்விடும் என்று கிராணி அக்காவை எச்சரித்தாராம். வேலை போனால் லயத்து வீடும் போகும், தனியாள் அவர்.

அன்றிலிருந்து தம்பி வீட்டில்தான். அத்தை வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார். மறுபடி படகுப் புட்டி, மறுபடி டின் பால். ஒரு வாரத்தில் கன்னம் நிறைந்தது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசல் வாசலாகக் காட்டினார். "பாருங்க, எம் புள்ள திரும்பி வந்துட்டான்." இரண்டாவது வாரம் அவன் அழுவதையும் நிறுத்திவிட்டான். நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை என்றார் அத்தை. தலைமுடி துருப்பிடித்த மாதிரி சிவந்து, துணியோடு உதிர்ந்தது. தொடையில் தோல் உரிந்தது. கூப்பிட்டால் கண் மட்டும் மெதுவாகத் திரும்பும்.

வேலையில்லாத ஒரு நாள், நல்ல வெயிலில், கொட்டாய் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒன்றுமில்லை. அத்தை கதவை மறித்தார்.

"நான் உள்ள வரல. அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிர்றேன்."

அம்மா தம்பியோடு வெளியே வந்தார்.

"அக்கா, எனக்குன்னு ஒன்னு இல்லன்னு சொன்னீங்க. இருந்துச்சு. பாலிங் பக்கத்துத் தோட்டத்துல. ஒம்போது மாசம். இதே மாதிரிதான் தளதளன்னு இருந்தா. எல்லாரும் தூக்கித் தூக்கிக் கொஞ்சுனாங்க. நானும் சந்தோஷப்பட்டேன். அவ சிரிக்காம இருக்கறத நான் கவனிக்கவே இல்ல, அக்கா." அவர் குரல் உடையவில்லை. வழி சொல்கிற மாதிரி சொன்னார். "என்னய வேலையவிட்டுத் தூக்கச் சொல்லுங்க. பரவால்ல. ஆனா இவன் கடைசியா எப்ப சிரிச்சான்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க."

அம்மா யோசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"அம்மா, அவன் அக்காகிட்டதாம்மா சிரிச்சான். நான் பாத்தேன். என் முடியப் புடிச்சு இழுத்தான்."

அம்மா படியில் உட்கார்ந்தார். தம்பியின் பாதத்தைத் திருப்பி, மரம் வெட்டிக் காய்த்துப்போன தன் கட்டைவிரலால் அமுக்கினார். விரலை எடுத்தார். குழியைப் பார்த்தபடியே, "நான் என்னாடி பண்ணணும்?" என்று கேட்டார்.

அக்கா ஒருபோதும் மீன் கஞ்சி போதும் என்று சொல்லவில்லை. இதை நம் குழுவில் இருக்கும் இயற்கை வைத்தியர்கள் கவனிக்க வேண்டும். "மொதல்ல டிரெசர்கிட்ட காட்டணும். இப்ப கஞ்சி தாங்க மாட்டான்," என்றார். தோட்டத்து மருந்தகத்து டிரெசர் ஒரே பார்வையில் லாரியைக் கூப்பிட்டார். கூலிம் ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு அக்காவும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் வருவான் என்று அத்தை வாசலில் அடித்துக்கொண்டு அழுதார்.

அம்மா ஒரு மாதம் அங்கேயே இருந்தார். அப்பா ஞாயிறு தோறும் சைக்கிளில் போய்வருவார். நான் மதியச் சாப்பாட்டை அக்காவின் ஒற்றை அறையில் சாப்பிட்டேன். ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கு, நெத்திலிச் சம்பல், சில நாள் பலாக்கொட்டை போட்ட கீரைக் குழம்பு. அந்தச் சம்பலை நினைத்தால் இப்போதும் நாக்கின் ஓரம் ஊறுகிறது. ஆனால் கிழங்கை மட்டும் தின்று எழ விடமாட்டார். "கெழங்கு வயித்துக்கு. மீனு ஒடம்புக்கு. ரெண்டும் உள்ள போகணும்," என்பார்.

தம்பி பிழைத்தான். ஆஸ்பத்திரியில் முதலில் ஊசியும் மருந்தும், கொஞ்சம் கொஞ்சமாகப் பால் மாவும் கொடுத்தார்கள். அனுப்பும்போது டாக்டர் அம்மாவிடம், இனி மீன், முட்டை, பயறு எல்லாம் மசித்துக் கொடுக்கச் சொன்னாராம். "அதத்தான் எங்க கொட்டாய்ல ஒருத்தி குடுத்தா. நாந்தான் சண்ட போட்டேன்," என்று அம்மா டாக்டரிடமே சொல்லிவிட்டாராம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர்கள் திரும்பி வந்தபோது மரங்களில் புது இலை வந்திருந்தது. காடு முழுக்க இளம்பச்சை. அம்மா பையை இறக்கி வைத்த கையோடு ஆபீஸுக்குப் போனார். தான் சொன்ன புகார் தப்பு என்று கிராணியிடம் எல்லார் காதிலும் விழச் சொன்னார். பிறகு கொட்டாய்க்குப் போனார். மன்னிப்பு என்ற சொல் அம்மாவுக்கு வராது. அம்மியின் முன்னால் உட்கார்ந்தார். அக்கா கையிலிருந்து நெத்திலியை வாங்கி அரைக்கத் தொடங்கினார். அக்கா தொட்டில்களை ஆட்டப் போனார்.

அதற்கப்புறம் அம்மாவை யாராலும் நிறுத்த முடியவில்லை. எவள் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாலும் நடுவழியில் நிறுத்திப் பாதத்தை அமுக்குவார். திட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டே அமுக்கினார். கொஞ்ச நாளில் ஒருத்தி ஒரு பிடி பயறு கொண்டுவந்தாள், இன்னொருத்தி கருவாடு. அத்தைகூட, மீன் என்ற சொல்லை வாயால் சொல்லாமல், "அந்தக் கஞ்சி" என்று கேட்டு வாங்கி ஊட்டினார். ஆயாக்கொட்டாய் அடுப்பில் பெரிய சட்டி ஏறியது. உங்கள் தம்பி தங்கைகள் தின்ற கஞ்சி அதுதான்.

எந்த முன்னோர் சாப்பாடு அது? மீனும் கைக்குத்தல் அரிசியும் கம்பத்து மக்சிக்குடையது, தாவு சைக்கிள் கிழவருடையது, பயறும் முருங்கையும் நம்முடையது. அக்காவுக்கு யார் கொடுத்தது என்பதில் அக்கறை இல்லை. பிள்ளைக்கு ஒத்துக்கொண்டதா என்பதில்தான் இருந்தது. அத்தையின் பேச்சையும் டின் தாளின் பேச்சையும் ஒரே மாதிரிதான் சோதித்தார்.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், அவர் பாலிங்கில் தங்கை மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தம்பியையும் அழைத்துக்கொண்டு போனேன். தம்பி இப்போது தாத்தா. ஆறடி ஆள், கதவுக்குக் குனிந்துதான் வந்தான். அக்கா நாற்காலியில் சிறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது. நான் முழுக் கதையையும் சொன்னேன்: ஹாருவான், கிராணி, எங்கள் வாசலில் அவர் வந்து நின்ற வெயில். எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டார், யாருடைய கதையையோ கேட்கிற மாதிரி.

"எத்தன புள்ளைங்க, தாயி. எனக்கு எங்க ஞாபகம்?"

தம்பி அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவன் அழுவதைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா கையை நீட்டி அவன் முகத்தைத் தடவினார். கன்னம், தாடை, கழுத்து, தோள்.

"யாரு பெத்த புள்ளையோ," என்றார். பிறகு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏம்மா, இவ்ளோ தூரம் வந்திருக்கான். மொதல்ல இவனுக்குச் சோறு போடு."